கல், கருப்பு இல்லை

காங்கேயத்தில் செங்கோட்டுவேலு முதலாளியின் ரைஸ்மில் அரிசியை வாங்கிப் பொங்குகிற வீடு ஒவ்வொன்றிலும், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மதியச் சோற்றுக்குள்ளிருந்து ஒரு கருப்புக் கல் வந்தது. பல்லைப் பெயர்க்கிற சாதாரணக் கல் இல்லை. இரண்டு பக்கமும் லேசாக உப்பி, ஓரம் மெலிந்து, சட்டைப் பித்தானைவிடச் சற்றுப் பெரிதாக, எண்ணெய் தடவித் துடைத்ததுபோல வழவழவென்று இருந்த கல். திருப்பூர் ரோட்டு வீட்டில் வந்ததையும் தாராபுரம் ரோட்டு வீட்டில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எங்கே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யார் பல்லிலும் அது படவில்லை. கரண்டியை விட்டதுமே, நான் வந்துவிட்டேன் என்பதுபோல மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. காங்கேயத்து ஜனம் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஜனம், எதைக் கண்டும் சட்டென்று வாயைப் பிளக்காது. கல்லைக் கழுவி ஜன்னல் கட்டையில் வைத்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிய பிறகுதான் மில்லுக்குப் போன் போட்டது.

மில்லில் சாம்பிள் மேசையில் உட்கார்ந்திருந்தவள் தெய்வநாயகி. பதினைந்து வருஷமாக அவளுடைய வேலை ஒன்றே ஒன்று. மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து, நீலத் தட்டில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ‘கல், கருப்பு இல்லை’ என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மெஷினுக்குத் தப்பியது அவள் கண்ணுக்குத் தப்பாது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். போன் போட்டவர்களில் ஒருவர் கல்லை டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து நேரிலேயே கொண்டுவந்து நீட்டியபோது, அது என்ன கல் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

பழி மாராத்தாள் தலையில் விழுந்தது. அரிசியை ஆட்டி ஆட்டிக் கல்லைத் தனியே தள்ளுகிற ‘கல் மெஷினை’ ஓட்டுகிறவள் அவள்தான்; ஐம்பது வயதுக்காரி, மில்லிலேயே எல்லோருக்கும் மூத்தவள். ஏம் மாராத்தா, மெஷினைப் போட்டுட்டுத் தூங்கிட்டயா என்று முதலாளி அத்தனை பேர் நடுவில் கேட்டார், நான் சொல்லியனுப்புகிறவரை வர வேண்டாம் என்றார். சீட்டில் கையெழுத்துப் போட்டவளை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. மாராத்தாள் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, மேசையைத் தாண்டிப் போகும்போது தெய்வநாயகியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். அம்மிணி நமக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்திருப்பாள். அம்மிணியின் வாயில் கொழுக்கட்டை இருந்தது.

விஷயம் என்னவென்றால், அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, தெய்வநாயகி ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தாள்.

அவளுக்குக் ‘கோ’ என்று ஒரு ஆட்டத்தில் பைத்தியம். குறுக்கும் நெடுக்கும் பத்தொன்பது கோடு போட்ட பலகையில், கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒருவர் கருப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லும் மாற்றி மாற்றி வைத்து இடம் வளைக்கிற ஆட்டம் அது. வைத்த கல்லை நகர்த்தக் கூடாது. பக்கத்தில் ஒரு காலியிடமாவது இருக்கிறவரைதான் கல்லுக்கு மூச்சு. மூச்சு அடைபட்டால் எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். செல்போனில் எதையோ தேடப்போய் இது கண்ணில் பட்டு, வெள்ளைக்கு நடுவில் கருப்பைப் பார்க்கிற வேலையை நாம்தான் தினம் செய்கிறோமே என்று சிரித்துக்கொண்டே தொடங்கி, ஐந்து வருஷத்தில் சாப்பாட்டை மறக்கிற அளவுக்கு வந்திருந்தாள். கணவன் முத்துரத்தினம் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் பாலக்காட்டுப் பக்கம் போய்விடுவான், கேட்பதற்கு ஆளில்லை. நிஜப் பலகையையோ நிஜக் கல்லையோ அவள் தொட்டதே இல்லை. எல்லாம் திரையில்தான்.

யூன் என்ற கொரியாக்கார டீச்சர் ஒருத்தி நடத்துகிற ஆன்லைன் பயிற்சி லீக்கில் அவள் சேர்ந்திருந்தாள். நாலு வகுப்பு, மாதம் ஐந்து ஆட்டம், முதலில் வருகிறவர் மேல் வகுப்புக்கு ஏறுவார், கடைசியில் நிற்கிறவர் கீழே இறங்குவார். மேலேயிருந்து இரண்டாவது வகுப்புக்கு ஏறிவிட்டால் டீச்சரே ஒவ்வொரு ஆட்டத்தையும் எடுத்துவைத்து, இந்தக் கல் ஏன், அந்தக் கல் ஏன் என்று எழுதிக் கொடுப்பாள். அதற்காகத்தான் உலகம் முழுக்க நூற்றுச்சொச்சம் பேர் முட்டிமோதினார்கள். ஒரே ஒரு கட்டளை உண்டு: ஆடும்போது மெஷினைக் கேட்கக் கூடாது. மனிதர் எவரையும்விட நன்றாக ஆடுகிற கம்ப்யூட்டர் மெஷின் எல்லோர் கையிலும்தான் இருந்தது. ஆடி முடித்தபின் கேட்கலாம், ஆடும்போது தொடக் கூடாது.

அந்த ஞாயிறு அவளுக்கு எதிரே சிலி நாட்டில் பஸ் ஓட்டுகிற ஓர்லாந்தோ உட்கார்ந்திருந்தார். அங்கே அது விடிகாலை. முதல் நடை எடுப்பதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். ஜெயித்தவர் ஏறுவார். மூன்று வருஷமாக அந்த ஒரு படியில் ஏறக் காத்திருந்த மனிதர் அவர். அவருடைய வெள்ளை நாலு பக்கமும் வளைத்துக்கொள்ள, தெய்வநாயகியின் கருப்பு ஒரு பெரிய கூட்டமாக நடுப்பலகையில் மூச்சு முட்டி நின்றது. சும்மா பார்ப்போம், பார்த்துவிட்டு என் இஷ்டத்துக்குத்தான் வைப்பேன் என்று பக்கத்தில் மெஷினைத் திறந்தாள். அது காட்டிய இடம், ஆயிரம் ஜென்மம் எடுத்தாலும் அவளுக்குத் தோன்றாத இடம். ஒரே ஒரு கல்தானே என்று வைத்தாள். அப்புறம் அந்தக் கல்லுக்குத் துணையாக இன்னொன்று வேண்டியிருந்தது. இருபத்து மூன்று கல் அப்படி வைத்து ஜெயித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்து, மேலே கரண்டியால் தட்டிச் சமமாக்கியும் விட்டாள்.

முதல் கல் வந்த மறுநாள், புதன்கிழமை, டீச்சரின் கடிதம் வந்தது. அறுபத்தேழாவது கல்லை வட்டமிட்டு, ஒரு மாணவரின் கையிலிருந்து இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று, எல்லா வகுப்புக்கும் இதைக் காட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். ஓர்லாந்தோவும் எழுதியிருந்தார்: அந்த ஆட்டத்தை அச்செடுத்து, அவள் பெயரை எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம், காபி போடும்போதெல்லாம் பார்க்கிறாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றைக்கும் காங்கேயத்தில் வீட்டுக்கு ஒரு கருப்புக் கல் வந்தது, மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது.

நாலு நாள் வந்தபின் ஊர் அதைத் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. மளிகைக்கடையில் சின்ன எடைக்கல்லுக்குப் பதில் கருப்புக் கல் உட்கார்ந்தது. அரிசிப் பானையில் போட்டுவைத்தால் வண்டு அண்டாது என்று ஒருத்தி சொல்ல, வேப்பிலையும் வரமிளகாயும் வேலையிழந்தன. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால், உங்களுக்கு எத்தனை வந்திருக்குதுங்க என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஜாதகத்தைப் பிரித்தார்கள். பக்கத்து மலைக்கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஆண்டவர் யார் கனவிலாவது வந்து ஒரு பொருளைச் சொன்னால், பூப்போட்டுப் பார்த்து உத்தரவு வாங்கி அதைப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்த பொருள் வரும்வரை உலகத்தில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளக்கோயில் மரக்கடைக்காரர் ஒருவருக்குக் கருப்புக் கல் கனவில் வந்து, பூவும் சரியாக விழுந்து, கல் பெட்டிக்குள் போயிற்று. கல் வந்ததால் கட்டடம் பெருகும் என்றார்கள் மேஸ்திரிகள், கிட்னியில் கல் பெருகும் என்றார்கள் மற்றவர்கள்.

அரிசிக்கு அப்படி ஒரு கிராக்கி. கல் இல்லாத மில்காரர்கள் கல் இல்லையே என்று தலையில் கை வைக்க, செங்கோட்டுவேலு முதலாளி சாக்கில் ‘கல் நீக்கியது’ என்றிருந்ததை அழித்து ‘கல் உள்ளது’ என்று அடிக்கச் சொன்னார். மாராத்தாளுக்கு ஆள் அனுப்பி, வந்து மெஷினைப் பார்த்துக்கொள் என்று கூப்பிட்டுக்கொண்டார். அவள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று தெய்வநாயகி நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

கல்லைப் படமெடுத்துத் தேடிப் பார்த்து அது கோ ஆட்டத்துக் கல் என்று கண்டுபிடித்தவர் ஸ்கூல் பி.டி. வாத்தியார். கோ என்றால் பசு அல்லவா, காங்கேயத்துக்கு வராமல் வேறெங்கே வரும் என்று மாட்டுத் தரகர்கள் பெருமைப்பட்டார்கள். தேடின இடத்திலேயே லீக்கின் பக்கமும், அதில் இந்த மாதத்துச் சிறந்த ஆட்டம் என்று தெய்வநாயகியின் போட்டோவும் அகப்பட்டன. அப்புறம் கேட்க வேண்டுமா? மில் வாசலில் ‘கல் கண்ட நாயகியே’ என்று பிளெக்ஸ் எழுந்தது. தெருவுக்குத் தெரு தரையில் கோடு போட்டு ஆடத் தொடங்கினார்கள். வந்ததெல்லாம் கருப்பு, வெள்ளைக்குப் பெப்பர்மின்ட் வைத்துக்கொண்டார்கள். பிடிபட்ட வெள்ளையைப் பிடித்தவர் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் ஆட்டம் இன்னும் பிடித்துப்போயிற்று. ஏனுங்க அம்மிணி, வெள்ளை எப்பங்க வரும் என்று வழியில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். வெள்ளை வராது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளையை வைத்தவர் தன் புத்தியால் வைத்தார்.

அவள் வீட்டுக்கு மட்டும் ஒரு கல்லும் வரவில்லை. அதே மில், அதே சாக்கு, அதே அரிசி. முத்துரத்தினத்துக்கு இது பெரிய மனக்குறை. குக்கரை மாற்றிப் பார்த்தான், குண்டானில் வடித்துப் பார்த்தான், கடைசியில் பக்கத்து வீட்டில் ஒன்று கடன் கேட்டு வாங்கி வந்து டி.வி. மேல் வைத்தான். பாவம், ஊருக்கே தந்தது அந்தப் பிள்ளை, அது ஊட்டுக்கு இல்ல பாருங்க என்று அக்கம்பக்கம் பரிதாபப்பட்டபோது, தெய்வநாயகிக்கு நின்ற இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. தட்டில் வெள்ளை வெளேரென்று கிடந்த சோற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். பதினைந்து வருஷத்துப் பழக்கம் கையை விடுமா? அதில் கல்லும் இல்லை, கருப்பும் இல்லை.

எத்தனை நாள் வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இருபத்து மூன்றாம் நாள் புதன்கிழமை. வியாழக்கிழமை எந்த வீட்டிலும் கல் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஊரே குண்டானைப் பார்த்து நின்றது. என்ன தப்பு நடந்ததோ என்று பேச்சுக் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கல் விழா வைத்துவிடலாம், அம்மிணி கையால் முதல் கல் வைத்தால் திரும்ப வந்துவிடும் என்று முதலாளி முடிவு செய்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தேக்குப் பலகை, பக்கத்தில் வெள்ளித் தட்டில் ஒரு குத்துக் கருப்புக் கல். தெய்வநாயகிக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வையுங்க என்றார்கள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். குளிர்ச்சியாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எடுத்ததைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“இது ஒண்ணும் என்னுது இல்லீங்க. மெஷினைப் பாத்து வெச்சனுங்க. இருவத்திமூணு கல்லு. அந்த மனுசனை ஏமாத்திப் போட்டனுங்க.”

முன்வரிசையில் ஒருவர், அதுக்கென்னங்க, நெல்லுகூட மெஷின்லதான அரைக்கறோம் என்றார். ஆமாமாம் என்று நாலு பேர் சொன்னார்கள். தறியே மெஷின், மாடு கறப்பதே மெஷின் ஆகிவிட்டது, பார்த்து வைத்தால் என்ன, பார்க்காமல் வைத்தால் என்ன, கல் வந்ததா இல்லையா என்று நியாயம் பேசினார்கள். அம்மிணிக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று முதலாளி கண் கலங்கினார். கைதட்டல் எழுந்தது. தான் செய்தது தப்பென்று அத்தனை பேரில் ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல், கழுத்தில் சம்பங்கி மாலை நெருட, அவள் மேடையில் நின்றாள். மன்னிப்பு இப்படி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஒன்றைக்கூடத் தூக்க முடியவில்லை.

பந்தி நடக்கும்போது கை கழுவுகிற இடத்தில் மாராத்தாள் பக்கத்தில் வந்தாள். மொட்டையில் நெல்முளை அளவுக்கு முடி வந்திருந்தது, பாதிக்குமேல் நரை. குழாயை மூடிவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அம்மிணி. என்ற கையிலதான் குத்தம்னு நெனச்சு, மலைக்குப் போய் முடியக் குடுத்துட்டு வந்தன்.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தெய்வநாயகி மாலையைக் கழற்றி அங்கேயே தொட்டி மேல் வைத்தாள். மண்டபத்தில் வராத அழுகை அப்போது வந்தது, நின்றபாடில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்கும் ஓர்லாந்தோவுக்கும் எழுதினாள். அவளுக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். எழுதினதை மொழிபெயர்க்கிற மெஷினில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ‘அந்த இருபத்து மூன்று கல்லும் என்னுடையது இல்லை’ என்று எழுதினாள். கல் என்றால் தமிழில் கல்லும் உண்டு, கற்றுக்கொள் என்பதும் உண்டு. மெஷின் எதை எடுத்துக்கொண்டதோ, டீச்சரின் பதில் திரும்பத் தமிழாகி வந்தபோது இப்படி இருந்தது: எந்தக் கல்வியும் முதலில் நம்முடையதாக இருப்பதில்லை, ஆனால் நீங்கள் இனி கடைசி வகுப்பில் உட்கார வேண்டும். ஆட்டம் ஓர்லாந்தோ ஜெயித்ததாக எழுதப்பட்டது, அவர் படியேறினார். சுவரில் ஒட்டியதை எடுக்கவில்லை, நல்ல ஆட்டம்தான், உங்கள் பெயரை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன் என்று அவர் இரண்டு வரி எழுதினார். அந்த இரண்டு வரியை அவள் பலமுறை படித்தாள். மண்டபத்துக் கைதட்டலுக்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது, தோன்றியும் நெஞ்சு எரிந்தது.

புரட்டாசி பிறந்தது. கல் வராததை ஊர் கல் வந்ததைப் போலவே எளிதாக எடுத்துக்கொண்டது. மலைக்கோயில் பெட்டிக்கு வேறு யாருக்கோ கனவு வந்து ஒரு படி கம்பு போயிற்று. முதலாளி சாக்கில் ‘கல் நீக்கியது’ என்று பழையபடி அடித்தார். கடைசி வகுப்பில் தெய்வநாயகி ஐந்து ஆட்டத்தில் நாலு தோற்றாள், எல்லாவற்றையும் தன் புத்தியால் தோற்றாள். மில்லில் மட்டும் அவளும் மாராத்தாளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் குடோன் நிழலில் வட்டமாக உட்காருவார்கள். மாராத்தாள் அவளுக்கு நேர் எதிரே, தூக்குப்போசியைப் பார்த்தபடியே சாப்பிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோர் நடுவிலும், தெய்வநாயகியின் வாய்க்குள் நறுக்கென்று கேட்டது. வட்டம் முழுக்கக் கை நின்றது. திரும்ப வந்துவிட்டது என்று யாரோ எழுந்தேவிட்டார்கள். கடைவாய்ப் பல்லில் மின்னல் வெட்டியதுபோல வலி, நாக்கில் உப்புக் கரித்தது. அவள் விரலை விட்டு எடுத்து நீலத் தட்டில் போடுவதுபோல உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். செம்மண் நிறத்தில், மூலையும் முடுக்குமாக, அரிசியில் பாதி அளவுகூட இல்லாத ஒரு சாதாரணக் கல். களத்து மேட்டில் கிடக்குமே, அந்தக் கல்.

முதலாளியும் சத்தம் கேட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். எதிரே மாராத்தாள் போசியைக் கீழே வைத்தாள்; கை அவளை அறியாமல் தலைக்குப் போய் அந்த அரை அங்குல முடியைத் தடவியது.

“என்ற மெஷின்ல தப்பீருச்சுங்களா அம்மிணி?” என்று கேட்டாள்.

தெய்வநாயகி கல்லை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை லாட், பதினொரு மணி, தட்டைப் பாதிதான் தள்ளிப் பார்த்தோம், நினைப்பெல்லாம் தோற்ற ஆட்டத்தில் இருந்தது என்பது தெளிவாக ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, முதலாளிக்குக் கேட்கிற குரலில், ரத்தம் கசிகிற வாயோடு சொன்னாள்:

“இல்லீங்க மாராத்தாக்கா. சீட்டுல கையெழுத்துப் போட்டவ நான். இது என்ற கல்லு.”